தாலியும் குங்கிலியமும்

திருச்சிற்றம்பலம்

  

இன்று ஆவணித் திங்கள் மூல நன்னாள். மதுரையம்பதியில் சொக்கநாதப் பெருமான் பிட்டுக்கு மண் சுமந்தருளிய திருவிளையாடலை நினைந்து நாம் விழா எடுக்கும் நாள். வையை பெருகிக் கரையுடைந்தபோது, குடிக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். வந்தி என்னும் மூதாட்டிக்கு அனுப்புதற்கு ஆள் இல்லை. கணவன் இல்லை, மகன் இல்லை, பிட்டு அவித்து விற்கும் அடுப்பு ஒன்றே அவளுக்குச் சுற்றம். அந்த அடுப்பை நாடி ஆலவாய்ப் பெருமான் கூலியாளாய் வந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றார். பாண்டியன் கைப் பிரம்படியையும் பெற்றார்.

இதே ஆவணி மூலத்திலேதான் குங்கிலியக் கலய நாயனாரின் குருபூசையும் வருகின்றது. இவ்விரண்டும் ஒரே நாளில் அமைந்திருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஓர் உண்மை புலப்படுவதுண்டு. வந்தியின் வரலாறும் அடுப்பங்கரை வரலாறு. கலயனாரின் வரலாறும் அடுப்பங்கரை வரலாறு. ஒன்றில் அடுப்பு எரிந்தது. இறைவன் உண்ண வந்தார். மற்றொன்றில் அடுப்பு அணைந்து கிடந்தது. இறைவன் ஊட்ட வந்தார். எரிந்த அடுப்பும் அணைந்த அடுப்பும் அவர் திருவுள்ளத்தில் ஒன்றாகவே இருந்தன.

சொற்பொழிவு முடிந்த பின் அன்பர்கள் சிலர் என்னிடம் வந்து தனியே ஒரு வினாவைக் கேட்பார்கள். "ஐயா, திருமுறை ஓத ஆசையாக இருக்கிறது, நாள்தோறும் கோயிலுக்கு வர ஆசையாக இருக்கிறது. ஆனால் குடும்பம் விடவில்லையே! பிள்ளையின் படிப்பு, பெண்ணின் திருமணம், தாயாரின் நோய், மாதக் கடைசியில் வாசலில் வந்து நிற்கும் கடன்காரர். இவற்றின் நடுவே நம்பிக்கை எங்கே நிற்கும்? நன்றி எங்கே பிறக்கும்?" என்பார்கள். இந்த வினாவை ஏளனம் செய்தலாகாது. கண்ணீரோடு கேட்கப்படும் வினா இது. இதற்கு விடை காணவே இன்று திருக்கடவூருக்குச் செல்வோம்.

காவிரி வளம் கொழிக்கும் சோழ நாட்டில், மார்க்கண்டேயருக்காகக் காலனைக் காலால் உதைத்தருளிய பெருமான் எழுந்தருளியிருக்கும் வீரட்டத் தலம் திருக்கடவூர். அவ்வூர் அந்தணர் மரபில் தோன்றியவர் கலயனார். அமுதகடேசர் திருமுன்னே நாள்தோறும் குங்கிலியத் தூபம் இடுவதையே தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டார். குங்கிலியம் என்பது யாது? மரத்தின் பிசின். மரத்தின் பட்டையில் காயம் பட்ட இடத்திலே அது கசிந்து வடிகின்றது; இறுகுகின்றது; நெருப்பில் இட்டால் நறுமணமாய் எழுகின்றது. காயத்தில் பிறந்து, கனலில் வெந்து, மணமாய் முடிகின்ற பொருள் அது. அதனைத் தம் தொண்டுக்குரிய பொருளாகக் கொண்டவருடைய வாழ்வும் அவ்வாறே அமைந்தது.

வறுமை வந்தது. நிலத்தை விற்றார், தம்பால் இருந்த உடைமைகளையெல்லாம் விற்றார், தூபத் தொண்டை விட்டாரில்லை. ஒரு கட்டத்தில் விற்பதற்கும் ஒன்றும் இல்லாமற் போயிற்று. இரண்டு பகல்கள் வீட்டில் உணவு இல்லை. மக்கள் வாடினர், சுற்றத்தார் சோர்ந்தனர். அப்போது அம்மையார் என்ன செய்தார்? தம் கழுத்தில் இருந்த மங்கல நாணின் பொன்னைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்து, இதைக் கொடுத்து நெல் வாங்கி வாருங்கள் என்றார்.

தாய்மார்களே! இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். தாலியைக் கழற்றுவது எளிய செயல் அன்று. வீட்டில் இருந்த பொன்னெல்லாம் போன பின்னும் அது ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. பிள்ளையின் வயிறு அதனினும் பெரிதாகத் தோன்றிய நேரத்தில் அதையும் கழற்றினார். கணவரைக் குறை கூறியதாகச் சேக்கிழார் பெருமான் ஒரு சொல்லும் பாடவில்லை. "உம்முடைய தூபத்தால் வந்த துன்பம் இது" என்று அவர் இடித்துரைக்கவில்லை.

பொன்னைப் பெற்றுக்கொண்டு கலயனார் வீதிக்கு வந்தார். எதிரே ஒரு வணிகன் பொதி கொண்டு வந்தான். பொதியில் என்ன என்று வினவினார். குங்கிலியம் என்றான். அவ்வளவுதான்! நெல் மறந்தது, வீடு மறந்தது, தம் பசியும் மறந்தது. பொன்னைக் கொடுத்துப் பொதியை வாங்கிக் கொண்டு நேரே கோயிலுக்கு ஓடினார். குங்கிலியத்தை அங்கே சேர்த்துவிட்டுத் தூபமிட்டு, இறைவனை வாழ்த்திக் கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போதெல்லாம் அவையில் இருவகை முகங்களை நான் காண்கின்றேன். ஆடவர் முகங்களில் வியப்பு தோன்றும், "ஆகா, என்ன பத்தி!" என்பார்கள். தாய்மார் முகங்களில் வேறொன்று தோன்றும். அவர்கள் வாய்திறந்து சொல்வதில்லை. "அப்படியானால் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?" என்பதே அவர்கள் மனத்தில் எழும் கேள்வி. அன்பர்களே, அந்தக் கேள்வி பத்திக் குறைவினால் எழுவதன்று. சேக்கிழார் பெருமானே அந்தக் கேள்விக்கு விடை தருகின்றார்.

கலயனாரைக் கோயிலில் இருத்திவிட்டுப் பெரியபுராணம் வீட்டுக்குத் திரும்புகின்றது. அங்கே அம்மையாரும் மக்களும் பசியோடு அயர்ந்து உறங்குகின்றனர். இறைவன் அருளால் குபேரன் அந்த மனையில் பொன்னும் நெல்லும் பிறவும் குவிக்கின்றான். இறைவன் முதலில் யாருக்கு உணர்த்தினார்? கோயிலில் அமர்ந்திருந்த தொண்டருக்கா? அன்று. வீட்டில் பசியோடு படுத்திருந்த அம்மையாரின் கனவிலேதான் உணர்த்தியருளினார். அம்மையார் விழித்து எழுந்தார். நிறைந்து கிடந்த செல்வத்தைக் கண்டார். கைகளைக் கூப்பித் தொழுதார். உடனே கணவருக்கு அமுது சமைக்க முற்பட்டார். அதற்குப் பின்னரே பெருமான் கோயிலில் இருந்த கலயனாரை நோக்கி, நீ மிகவும் பசித்தாய். உன் வீட்டுக்குச் சென்று பாற்சோறு உண்டு உன் துன்பம் நீங்குவாயாக என்று பணித்தருளினார்.

என்ன அருமையான ஒழுங்கு பாருங்கள்! வீட்டை மறந்து கோயிலுக்கு வந்தவரைக் கோயிலில் இருந்த இறைவனே வீட்டுக்கு அனுப்புகின்றார். கோயிலிலேயே பிரசாதம் தந்து பசி தீர்த்திருக்கலாம் அன்றோ? அவ்வாறு செய்யவில்லை. அந்த அம்மையார் கையால் சமைத்த சோற்றை உண்ணுமாறு அனுப்பினார். கலயனார் தூபமிட்ட அன்புக்கும், அம்மையார் தாலியைக் கழற்றிய அன்புக்கும் இறைவன் ஒரே இலையில் விருந்து வைத்தார் என்று நான் கொள்கின்றேன்.

கலயனார் வீடு வந்து, இவ்வளவு செல்வமும் எவ்வாறு வந்தது என்று கேட்டார். அம்மையார் சொன்ன விடை எம்பெருமான் அருள் என்பதே. "நான் கொடுத்த பொன்னுக்கு நெல் எங்கே?" என்று அவர் கேட்டதாக இல்லை. இதுவே நன்றியுணர்வின் இலக்கணம். பெற்றதைக் கண்டால் முதலில் கொடுத்தவனை நினைப்பது. அடுத்து, பெற்றதைக் கொண்டு பசித்தவனுக்குச் சோறாக்குவது.

இளையான்குடி மாற நாயனார் வரலாற்றிலும் இத்தகைய அம்மையார் ஒருவர் இருக்கின்றார். மழை பொழியும் நள்ளிரவில் அடியார் ஒருவர் பசியோடு வந்தார். வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. அயலாரிடம் கடன் கேட்கவும் இனி வழியில்லை. அன்று பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக் கொண்டு வந்தால் சமைக்கலாம் என்ற வழியைச் சொன்னவர் யார்? மாறனார் அல்லர், அவருடைய மனைவியார். அவர் இருளில் தடவித் தடவிச் சென்று நெல்லை வாரி வரும்வரை வாயிலில் காத்து நின்றவர் அந்த அம்மையார். விறகுக்கு வீட்டுக் கூரையின் கொம்புகளை நாயனார் வெட்டித் தந்தார். ஈரநெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கியவரும், முற்றாத இளங்கீரையைப் பலவகைக் கறியாக ஆக்கியவரும் அம்மையாரே.

இவ்விரு அம்மையாரின் இயற்பெயர்களும் பெரியபுராணத்தில் இல்லை. நாயன்மார் அறுபத்து மூவருக்கும் திருவுருவம் வைத்து வழிபடுகின்றோம். இவர்களுக்குத் தனியே திருவுருவம் இல்லை. ஆயினும் இவர்கள் இல்லையேல் அந்த இரண்டு வரலாறுகளும் இல்லை.

இதனை நான் ஏட்டில் படித்து உணர்ந்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். ஏட்டில் படித்தபோது உணரவில்லை. என் சொந்த வாழ்வில் நாணித் தலைகுனிந்த பிறகே உணர்ந்தேன். திருக்கோயில் அவையில் உண்மையைச் சொல்லுதல் நலம் என்பதால் சொல்கின்றேன்.

1994-ஆம் ஆண்டு. வெளியூர்க் கோயில் ஒன்றில் பன்னிரண்டு நாட்கள் பெரியபுராணத் தொடர் சொற்பொழிவுக்காகச் சென்றிருந்தேன். நான்காம் நாள் குங்கிலியக் கலய நாயனார் வரலாறு. அன்று அவை நிறைந்திருந்தது. தாலி கொடுத்த கட்டத்தைச் சொல்லும்போது பலர் கண்ணீர் வடித்தனர். எனக்கும் தொண்டை அடைத்தது. அன்று மிக நன்றாகப் பேசினேன் என்ற பெருமிதத்தோடு உறங்கினேன். வீட்டிலிருந்து அஞ்சலட்டை வந்தது. இங்கு யாவரும் நலம் என்று இரண்டே வரி.

தொடரை முடித்து, பொன்னாடையும் சன்மானமுமாக வீடு வந்து சேர்ந்தேன். மகள் சற்று இளைத்திருந்தாள். "காய்ச்சல் வந்து போயிற்று" என்றார் என் மனைவியார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்பர்கள் சொன்ன புகழுரைகளை எடுத்துச் சொல்வதிலேயே எனக்கு நாட்கள் போயின. பத்து நாட்கள் கழித்து ஒரு பகல், எனக்குச் சோறு இடுவதற்காக அவர் குனிந்தார். கழுத்தில் இருந்த கயிறு முன்னே தொங்கியது. அதில் பொன் இல்லை. ஒரு மஞ்சள் துண்டு கட்டியிருந்தது.

குழந்தைக்கு வந்தது குடற்காய்ச்சல். மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்திருக்க வேண்டி வந்தது. என்னை அழைத்தால் கோயில் தொடர் நின்றுவிடும் என்று அவர் சொல்லி அனுப்பவில்லை. கையில் பணம் இல்லை. நான் மேடையில் அம்மையாரின் தாலியைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்த அதே நாட்களில், என் வீட்டில் ஒரு தாலி விற்கப்பட்டிருந்தது. ஊராரைக் கண்ணீர் விடச் செய்த எனக்கு, என் எதிரே நின்று பத்து நாட்கள் சோறிட்ட கழுத்து கண்ணில் படவில்லை. கலயனார் இறைவன்பால் வைத்த காதலால் வீட்டை மறந்தார். நான் எதனால் மறந்தேன்? என் பேச்சின்மேல் வைத்த காதலால் மறந்தேன். இரண்டும் ஒன்றாகுமா?

ஆகவே ஆடவராகிய அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கலயனார் செய்ததை நாம் செய்தல் தகாது. நெல்லுக்குக் கொடுத்த பணத்தில் நெல்லே வாங்கி வரவேண்டும். நாயன்மார் செயல்கள் அன்பின் எல்லையைக் காட்ட எழுந்தவை. நம் பொறுப்பின்மைக்கு அரணாக எடுத்துக் கொள்வதற்கு எழுந்தவை அல்ல. கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு வீட்டிலே பால்காரருக்குக் கடன் சொல்லும் செயலைச் சிவபெருமான் தொண்டாக ஏற்பார் என்று நான் நம்பவில்லை.

இனி, சிலர் மனத்தில் எழும் மற்றொரு வினா உண்டு. "நாயனார் வீட்டில் குபேரன் வந்து பொன் குவித்தான். எங்கள் வீட்டில் யாரும் வந்து குவிக்கவில்லையே! நாங்கள் எதற்காக நன்றி சொல்வது?" நேர்மையான வினா. இதற்கு நான் பூசி மெழுகி விடை சொல்லப் போவதில்லை. நம்பிக்கை வைத்தால் கடன் தீரும், நோய் போகும், பொன் கொட்டும் என்று உங்களுக்கு உறுதி கூற எனக்கு உரிமை இல்லை. நம்பியிருந்தும் துன்பம் நீங்காத குடும்பங்களை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள்.

ஆனால் ஒன்று எண்ணிப் பாருங்கள். கலயனாரும் அம்மையாரும் பொன் குவிந்த பிறகுதான் அடியார் ஆனார்களா? இல்லை. பசியோடு படுத்த இரவிலேயே அவர்கள் அடியார்கள்தாம். பொன் வரும் என்று அறிந்து அவர் தூபமிடவில்லை. பொன் வரும் என்று அறிந்து அந்த அம்மையார் தாலியைக் கழற்றவில்லை. விடியலில் வந்த செல்வம் இறைவனுடைய செயல். அந்த இரவைக் கடந்த உறுதி அவர்களுடைய செயல். முன்னதை நாம் கேட்டுப் பெற இயலாது. பின்னதைப் பழகிக் கொள்ள இயலும்.

எங்கள் வீட்டுக்கும் அந்த நாட்களில் குபேரன் வரவில்லை. ஆனால் அடுத்த வீட்டு அம்மையார் நாள்தோறும் மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டு போய்க் கொடுத்திருக்கின்றார். தெருமுனைக் கடைக்காரர் ஒரு மாதம் கணக்குக் கேட்காமல் அரிசி அளந்திருக்கின்றார். அவர்கள் செய்ததையெல்லாம் பின்னரே ஒவ்வொன்றாய்க் கேட்டறிந்தேன். இவர்களெல்லாம் யார்? நெல் மூட்டையோடு வந்தால்தான் அருளா? கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தால் அருள் ஆகாதா? வந்தியிடம் வந்த இறைவன் அழுக்குத் துணி உடுத்த கூலியாளாக வந்தார் என்பதை நாமே ஆண்டுதோறும் விழாவெடுத்துப் பாடுகின்றோம். நம் வாசலுக்கு அவர் அவ்வாறு வரும்போது மட்டும் அடையாளம் காணத் தவறுகின்றோம்.

கலயனார் வரலாறு திருக்கடவூரோடு முடியவில்லை. திருப்பனந்தாளில் தாடகை என்னும் அம்மை மாலை சாத்த முயன்றபோது ஆடை நெகிழ்ந்தது. மாலையை விடவும் இயலாமல், ஆடையைப் பற்றவும் இயலாமல் அவள் தவித்தாள். பெருமான் தம் திருமுடியைச் சாய்த்து மாலையை ஏற்றருளினார். சாய்ந்த திருமேனி சாய்ந்தபடியே நின்றது. அதை நிமிர்த்தச் சோழ மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தும் நிமிரவில்லை. இதைக் கேள்வியுற்ற கலயனார் அங்கே சென்று, கயிற்றின் ஒரு தலையைப் பெருமான் திருமேனியில் பிணித்து, மறு தலையைத் தம் கழுத்தில் பூட்டிக் கொண்டு இழுத்தார். யானைகளுக்கு நிமிராத இறைவன் ஒரு தொண்டரின் கழுத்துக்கு நிமிர்ந்தார்.

கழுத்து! அன்பர்களே, இச்சொல்லைக் கவனியுங்கள். அன்று மனைவியார் கழுத்திலிருந்து ஒரு நாண் இறங்கியது. பின்னாளில் கணவர் கழுத்தில் ஒரு கயிறு ஏறியது. இதற்கு நூலுரை எழுதிய பெரியோர் என்ன பொருள் கொண்டாலும் ஆகுக. எனக்குத் தோன்றும் பொருள் இது. ஒரு கழுத்து சுமந்ததை மற்றொரு கழுத்து அறிந்து கொண்டது. இல்லறம் என்பது அதுவேயன்றி வேறு யாது? மாலை மாற்றிய நாளில் இரு கழுத்துகளும் மணமாலையைச் சுமந்தன. அதற்குப் பின் வரும் நாட்களில் எந்தக் கழுத்து எந்தப் பாரத்தைச் சுமக்கின்றது என்று ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டிருப்பதே அறம்.

இறைவனுக்கு நன்றி சொல்ல விரும்புகின்றவர் எங்கே தொடங்க வேண்டும்? நாள்தோறும் விளக்கேற்றி, நீறணிந்து, ஐந்தெழுத்தை ஓதுங்கள்; அதை விடுதல் கூடாது. ஓதி முடித்து எழுந்தவுடன் அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்று இந்த வீடு நடப்பதற்கு யார் எதை விட்டுக் கொடுத்தார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். உண்ணும்போது, சமைத்தவர் உண்டாரா என்று கேளுங்கள். முதிய தாயாருக்கு மருந்து கொடுக்கும் மருமகளிடம் ஒரு நல்ல சொல் சொல்லுங்கள். வெயிலில் அலைந்து பொருளீட்டி வரும் மகனிடம், எவ்வளவு கொண்டு வந்தாய் என்று கேட்பதற்கு முன் ஒரு குவளை நீர் கொடுங்கள். இவை சிறிய செயல்கள். சிறியவை என்பதால்தான் நாம் செய்வதில்லை. அம்பலத்தாடும் பெருமானுக்குச் சொல்லும் நன்றி, அடுப்பங்கரையில் நிற்பவருக்குச் சொல்லப்படாத வரையில், பாதி வழியில் நின்றுவிட்ட நன்றியேயாகும்.

திருக்கடவூரில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். காலனை வென்ற தலமாதலின், அறுபது நிறைந்தோரும் எண்பது நிறைந்தோரும் மக்களும் பேரரும் சூழ அங்கே வந்து மீண்டும் மணமாலை சூடுகின்றனர். எனக்கு அறுபது நிறைந்தபோது எங்கள் மக்களும் எங்களை அங்கே அழைத்துச் சென்றனர். காய்ச்சலில் கிடந்த அந்த மகள்தான் புதிய திருமாங்கல்யத்தைத் தட்டில் வைத்து நீட்டினாள். அதை எடுத்து என் மனைவியார் கழுத்தில் பூட்டும்போது என் கை நடுங்கியது. கலயனார் வாழ்ந்த ஊர். அவர் தூபமிட்ட சந்நிதி.

அன்று மாலை திருக்குளத்துப் படியில் அமர்ந்திருந்தபோது, இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்கத் துணியாத ஒன்றை அவரிடம் கேட்டேன். "அன்றைக்குத் தாலியைக் கழற்றிக் கொடுத்தபோது உன் மனம் என்ன பாடுபட்டது?" என்றேன். அவர் சற்று எண்ணிவிட்டு, "குழந்தை கண்ணைத் திறக்கிறாளா என்று பார்த்துக் கொண்டிருந்தேன். கழுத்தைப் பார்க்க நேரம் ஏது?" என்றார். பிறகு, "கண்ணைத் திறந்தாளே, அது போதாதா?" என்று சொல்லிக் கோயில் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பினார்.

நாற்பது ஆண்டுகளாகப் பெரியபுராணத்திற்கு விரிவுரை செய்து வருகின்றேன். இரண்டே வரியில் அதற்கு உரை சொன்னவர் அவர்தாம்.

விழா முடிந்து இன்றிரவு இல்லம் திரும்பும் அன்பர்களே! உங்களுக்காக அங்கே யாரோ ஒருவர் சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பார். நீ பசித்தாய், உன் வீட்டுக்குச் செல் என்று கலயனாருக்குப் பணித்த பெருமான், உங்களையும் அவ்வாறே பணிக்கின்றார் என்று எண்ணிச் செல்லுங்கள். சென்றவுடன் அவர் முகத்தைப் பாருங்கள். அதுவே இன்றைய குருபூசையின் நிறைவாகும்.

குங்கிலியக் கலய நாயனார் திருவடிகள் வாழ்க! அவர்தம் மனையாரின் திருவடிகளும் வாழ்க!

திருச்சிற்றம்பலம்